மரத்துப்போன கட்டைவிரலும் யானைப்பாகன் முழங்கையும்

மசாஜ் தொழிலில் வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பிடிக்கிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்; பதினோரு வருஷத்தில் எனக்கு அந்த இரண்டாவது பாதி வரவே இல்லை.

கழுத்துப் பிடித்தவர்களே, இடுப்பு போனவர்களே, காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பத்து நிமிஷம் யோசிக்கிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்தவன் நான். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே அங்கே எல்லோருக்கும் கழுத்து இறுகிக் கிடக்கும். ஒருத்தன் கழுத்தைப் பிடித்துவிடப் போய், சாயங்காலமானால் என் வீட்டு வாசலில் கோணல் கழுத்துகள் வரிசை பிடிக்க ஆரம்பித்தன. அந்த வரிசைதான் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கிளேபாங் கடலோர ஸ்பாவில் விட்டது. நான் சொல்வதில் பாதி பொய் என்று ஊருக்கே தெரியும். ஆகவே முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். இதில் கடலும் யானையும் செய்ததாக வருவதெல்லாம் பொய். மனிதர்கள் செய்ததெல்லாம் நடந்தது.

கடல் எழுந்து போனது

ஸ்பா திறந்த புதிதில் ஜன்னலைத் திறந்தால் அலை. பிறகு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலை அப்பால் தள்ளிவிட்டார்கள். இப்போது ஜன்னலில் தெரிவது காட்டுப்புல், இரண்டு லோரி, தூரத்தில் ஒரு கோடு மாதிரி பளபளப்பு. "கடல் எங்கே அங்கிள்?" என்று கேட்கிறவர்களிடம், "அதுவும் முதுகு வலின்னுதான் இங்க வந்து படுத்துச்சு. நான் பிடிச்ச பிடியில குணமாகி எழுந்து போயிடுச்சு" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிற முதுகு சீக்கிரம் தளரும்.

எங்கள் சூப்பர்வைசர் தேவி, ஆயர் குரோவிலிருந்து தினமும் காரோட்டி வருகிற பிள்ளை. கடல் போய்விட்டதே என்று கவலைப்பட்டு, அறைக்கு அறை ஸ்பீக்கர் மாட்டி அலைச் சத்தத்தை ஓடவிட்டாள். முதல் நாளே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்து படுத்தார். படுத்தவர் எழுந்து போனார். திரும்பி வந்தார், மறுபடி போனார். மூன்றாவது தடவை துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்று கும்பிட்டார்: "அண்ணே, அந்தத் தண்ணி சத்தத்த நிப்பாட்டுங்க, நான் சுகர் உள்ளவன்!"

முதல் பத்து நிமிஷம்

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அழுத்துவதற்கு முன்னாலேயே எங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். முதல் பத்து நிமிஷம் எண்ணெயைத் தடவி, கட்டைவிரலை முதுகில் மெல்ல நடக்கவிட வேண்டும். தோலுக்கு அடியில் எங்காவது புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்படும். அழுத்தும்போது நழுவினால் அது சதை முடிச்சு, நம் சரக்கு. நழுவாமல் கிடந்தால் கையை எடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

போன வருஷம் என் வலது கட்டைவிரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது, விரலும் போய்விட்டது. இரண்டே மாதத்தில் மற்ற விரல்களும் உள்ளங்கையும் மரத்து, இடது கையும் அதே வழி. இத்தனை வருஷம் அழுத்தினால் நரம்பு என்ன செய்யும் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு பிடிக்கிறவனுக்கு விரல் செத்துவிட்டது என்றால் அப்புறம் அவன் யார்? டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன்.

எங்கள் அறையில் திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில் இட்ரிஸுடையது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பெம்பானில் தோட்டத்து லயன் வீடுகளை ஒட்டிய கம்போங் கிராமத்தில் வளர்ந்த மலாய்க்காரர். நம் பிள்ளைகளைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். ஒரு நாள் நான் கதை சொல்லிக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். கிண்ணத்துக்கு அடியில் குட்டி மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கதை சுவாரஸ்யமான இடத்துக்கு வந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமாக ஒரு குரல்: "அண்ணே, தோல் கருகுற வாசனை வருது. என்னோடது இல்ல."

யானை வந்தது

இட்ரிஸ் என் விரலை வாங்கி நகத்தால் அழுத்திக் கிள்ளிப் பார்த்தார். நான் அசையவில்லை. "தேவிகிட்டச் சொல்லிடுங்க" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வரவில்லை. அதற்குப் பதிலாக முழங்கை வந்தது. விரல் செய்த வேலையை முழங்கையிடம் கொடுத்து, உடம்புப் பாரத்தை அதன்மேல் இறக்கினேன். கட்டிலில் படுத்திருந்தவர் அலறிவிட்டார். என்ன அங்கிள் இது என்று கேட்டார். பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரிந்தால்தானே?

"தாய்லாந்து எல்லையில மரம் இழுக்கிற யானைக்கு முதுகு பிடிக்க விரல் போதுமா? பாகனுங்க முழங்கையத்தான் போடுவாங்க. மூணு வருஷம் ஒரு யானைகிட்டயே இருந்து கத்துக்கிட்டேன். அது படுத்துக்கிட்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்னு தும்பிக்கையால காட்டும்" என்றேன். இதை வாசலில் நின்று தேவி கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் கவுண்டரில் யானைப் படத்தோடு ஒரு பலகை: யானைப்பாகன் முழங்கை மசாஜ்.

ஆயர் குரோ தொழிற்சாலைகளிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். எவ்வளவு வலித்ததோ அவ்வளவு மெச்சினார்கள். அந்த முதல் பத்து நிமிஷம் காணாமல் போனதை ஒருத்தராவது கவனிப்பார் என்று உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். கவனித்தவர் ஒரே ஒரு இன்ஜினியர் தம்பி. சட்டையை மாட்டிக்கொண்டே என் தோளைத் தட்டினார்: "முன்ன மாதிரி சும்மா தடவி டைம் வேஸ்ட் பண்ணாம நேரா மேட்டருக்கு வர்றீங்க பாருங்க, இதுதான் மசாஜ்லாஹ் அங்கிள்!"

வியாழக்கிழமை மாஸ்டர்

வியாழக்கிழமை தோறும் வருகிறவர் செல்லத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என் கதைகளுக்கு இவர்தான் நிரந்தரப் பரீட்சகர். முகத்தைக் கட்டிலின் ஓட்டைக்குள் வைத்துக்கொண்டே, 'ஐசே' என்று என்னைக் கூப்பிட்டு ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் திருத்துவார். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலி என்று வந்தார். முழங்கையை இறக்கினேன். அடுத்த வாரம் குறையவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை அவருக்கு நிஜமாகவே தாங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. வலியை மறக்கட்டுமே என்று நான் யானையை ஆற்றில் இறக்கி, எதிரே வந்த புலியைக் கொம்பால் குத்த வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஐசே, போன கிழமை அது பெண் யானை எண்டு சொன்னீர். ஒரு கிழமைக்குள்ள அதுக்குக் கொம்பு முளைச்சிட்டுதோ?"

நான் இல்லாத வியாழன்

ஜாசினில் தம்பி மகள் கல்யாணம். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டேன். மறுநாள் பின்கட்டில் இட்ரிஸ் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று மாஸ்டர் தன் கட்டிலில் படுத்தார் என்றார். பத்து நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெயைத் துடைத்து, சட்டையைப் போடச் சொல்லி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

எந்த இடத்தில் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. இட்ரிஸ் கப்பைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் திரும்பச் சொல்லி, என் இடது தோள்பட்டைக்குக் கீழே தன் கட்டைவிரலை வைத்தார். என் முதுகுக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது, அதுதான் கொடுமை. "இங்கதான் அண்ணே. நகரல. சுத்தியுள்ள சதையெல்லாம் உங்க முழங்கை பட்டு வீங்கிக் கிடந்துச்சு."

உண்மை சொன்ன நாள்

ஆஸ்பத்திரியில் அது கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "மூண்டு மாதம் முந்தி வந்திருந்தால் சின்ன வெட்டோட முடிஞ்சிருக்கும் எண்டு டொக்டர் சொல்லுறார்." பழத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் நாற்காலியில் இருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். விரல் செத்ததை, அதை மறைத்ததை, யானை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை, மூன்று மாதமாக அவர் முதுகில் நான் எதையுமே தேடவில்லை என்பதை. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் இருமல் வரும் வரை சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விரல் செத்தவன் பதினோரு வருஷம் மசாஜ் செய்தவனாம்! என்னைச் சிரிக்க வைக்க வந்தனீர், சந்தோஷம். ஆனா உம்மட கதைகளிலேயே இதுதான் ஐசே மோசம், கொஞ்சம் நம்புற மாதிரிச் சொல்லும்."

எனக்கு விரல் போய் ஒரு வருஷம்தான் என்று திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "அண்ணே, நீங்க வந்தாத்தான் இவர் சிரிக்கிறார். அடிக்கடி வாங்கோ" என்றார்.

பலகை

நேராகத் தேவியிடம் போனேன். அவள் நம்பினாள். அதுதான் இன்னும் மோசம். பலகையை எடுத்துவிடு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். முன்பதிவுப் புத்தகத்தைத் திருப்பி மாதக் கடைசி வரை என் பெயரில் நிறைந்திருந்த பக்கங்களைக் காட்டினாள். "விரல் போனதுக்கு அப்புறம்தான் அங்கிள் உங்களுக்கு புக்கிங்கே நிறைஞ்சுச்சு. இப்பப் போய் ஏன் சொல்றீங்க?"

இரண்டு பேர் வைத்தியம்

வீட்டுக்கும் போகவில்லை. போய் உட்கார்ந்தால் அந்த முதுகு கண் முன்னால் வந்து படுக்கும் என்று பயம். இட்ரிஸ்தான் வழி சொன்னார். என் கட்டிலுக்கு வருகிற ஒவ்வொரு முதுகையும் முதலில் அவர் பத்து நிமிஷம் தடவிப் பார்ப்பார். அவர் தலையாட்டாமல் நான் தொட மாட்டேன். இதுவரை இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருவரும் கோபித்துக்கொண்டுதான் போனார்கள்.

மற்றவர்கள் இதையும் யானை மசாஜின் ஒரு சடங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் வந்த வெல்டிங் கடைக்காரர் ஒருவர் படுத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு தெரியாதவரு பாக்கறாரு, கண்ணு தெரிஞ்சவரு பாக்காம குத்துறாரு. நல்ல ஸ்பாலாஹ் இது!"

கால்

மாஸ்டரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது கட்டிக்கான மருந்தை ஏற்றி முடித்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, குரல் மட்டும் பழைய வாத்தியாராகக் கிடந்தார். கதை ஒன்றும் கேட்கவில்லை. "இந்த மருந்துக்குப் பிறகு கால் இரண்டும் என்ர இல்லாத மாதிரிக் கிடக்கு ஐசே. சுடுதோ குளிருதோ ஒண்டும் தெரியேல்லை. பிடிச்சுப் பார்த்துச் சொல்லும்" என்றார். பதினோரு வருஷத்தில் ஒரு முதுகைப் பற்றிக்கூட யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

போர்வையை விலக்கி இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்தேன். கட்டையைப் பிடித்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு ஆறுதல்தானே முக்கியம் என்று, "நல்ல கதகதப்பா இருக்கு மாஸ்டர், ரத்த ஓட்டம் பிரமாதம்" என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். வந்தவர் நான் பிடித்திருந்த அதே காலைத் தொட்டார். "ஐயோ, ஐஸ் மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சாக்ஸ் தேடி ஓடினார்.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்து எங்கே வைப்பது? மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அதன்மேல் இருந்த என் இரண்டு கட்டைவிரலையும் பார்த்தார். சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. முன்வரிசைப் பையனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "இப்ப நம்புறன், ஐசே."

ஆயுள் முழுக்கப் புளுகிப் பிழைத்தவன் சொன்ன ஒரே ஒரு உண்மையை நிரூபிக்க, அதைக் கேட்டவரின் காலே மரத்துப்போய்ச் சாட்சிக்கு வர வேண்டியிருந்தது என்றால், எங்கள் கை வைத்தியத்தின் அருமை பெருமையை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.