எர்லிந்தாவுக்கு வராத வாக்குச்சீட்டு

எர்லிந்தா கான்ட்டுவுக்கு அந்த ஆண்டு அறுபத்தொரு வயது. கணவர் எலிசியோவுக்கு எழுபத்திரண்டு. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷங்களில் அந்தப் பதினொரு வயது வித்தியாசம் அவர்களுக்குள் ஒரு பேச்சாகக்கூட வந்ததில்லை. தேர்தல் வந்ததும்தான் வந்தது.

டெக்சஸில் அறுபத்தைந்து வயது நிறைந்தவர்கள் காரணம் எதுவும் சொல்லாமல் தபாலிலேயே வாக்களிக்கலாம். எலிசியோவுக்கு உறை வீடு தேடி வரும். எர்லிந்தா வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். நிற்பதற்கு அவள் அலுத்துக்கொள்கிறவள் அல்ல. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே வேலை செய்தவள். பதினெட்டு வயதிலிருந்து ஒரே ஒரு தேர்தலைத் தவிர எதையும் விட்டதில்லை. உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃப் பதவிக்கு மட்டும் அவளும் எலிசியோவும் எப்போதும் எதிரெதிர் ஆளுக்குத்தான் போடுவார்கள். போட்டுவிட்டு ஒன்றாக ஆட்டிறைச்சிச் சூப் குடிக்கப் போவார்கள்.

பக்கவாதம் வந்து எலிசியோவின் வலது பக்கம் விழுந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஆரஞ்சுப் பழ லாரி ஓட்டிய மனிதர், தண்ணீர் குடிக்கவும் கூட ஒரு ஆள் வேண்டியவரானார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேர்தலில், பக்கத்து வீட்டு சுலேமாவை அவர் அருகில் உட்காரவைத்துவிட்டு எர்லிந்தா வாக்களிக்கப் போனாள். இரண்டு மணி நேரம் நின்றாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நாலே பேர் இருந்தபோது போன் வந்தது. அடுப்பை அணைக்க சுலேமா தன் வீட்டுக்கு ஓடிய ஐந்து நிமிஷத்தில் எலிசியோ எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எர்லிந்தா வரிசையை விட்டு ஓடினாள். அவள் தவறவிட்ட ஒரே தேர்தல் அதுதான். அன்றிலிருந்து அவரை யாரிடமும் விட்டுவிட்டு அவள் எங்கும் போவதில்லை.

இந்த முறை எலிசியோவுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, அதிலிருந்த காரணங்களை எல்லாம் அவள் நிதானமாகப் படித்தாள். அறுபத்தைந்து வயது, வாக்காளருக்கு உடம்பு முடியாமை, ஊரில் இல்லாமை, பிரசவம், சிறையில் இருத்தல். உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. சுலேமாவும் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, பேசாம எவனையாவது ரெண்டு அறை அறைஞ்சிட்டு உள்ள போயிடு. சீட்டு ஜெயிலுக்கே வந்துரும்."

"அறையணும்னா உன்னத்தான் மொதல்ல அறையணும், அடுப்பு அணைக்க ஓடுனதுக்கு," என்றாள் எர்லிந்தா. சுலேமா சிரிக்கப் பார்த்து, முடியாமல் தலை குனிந்துகொண்டாள். எர்லிந்தா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

சுலேமாவின் தங்கை வழியாகத்தான் ஆஸ்டினில் இருந்த வழக்கறிஞர் மெரிடித் தொடர்புக்கு வந்தாள். வயதைக் காரணம் காட்டி வாக்குரிமையைக் குறைக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது, அதைக் காட்டி வழக்குப் போடலாம் என்றாள். எர்லிந்தா வீட்டிலிருந்தே, கணினித் திரை முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னாள். முதியவர்களுக்கு அரசு ஒரு சலுகை தருகிறது, அதனால் மற்றவர்களின் உரிமை எதுவும் போய்விடவில்லை என்பது மாநில அரசின் வாதம். உங்களை யாராவது வாக்களிக்க விடாமல் தடுத்தார்களா என்று அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார்.

"யாரும் தடுக்கலங்க. வீட்ட விட்டு வர முடியல, அவ்வளவுதான்," என்றாள் எர்லிந்தா.

செப்டம்பரில் நீதிபதி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அன்றே விண்ணப்பம் எழுதி அனுப்பினாள். பத்து நாள்தான் அந்தச் சந்தோஷம். மேல் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு முடியும்வரை பழைய சட்டமே செல்லும் என்றது. எலிசியோவின் உறை வந்த அதே நாளில் அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்தது.

அவள் வழக்கம்போல அவருடைய சீட்டை மேசையில் விரித்து, இடது கையில் பேனாவைக் கொடுத்தாள். எலிசியோ பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி கொடுத்தபோதும் கீழே வைத்தார். நாலு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் உறையை மடியில் வைத்துக்கொண்டு, தெருப்பக்கம் நின்ற வண்டியைக் காட்டினார்.

தபால் சீட்டு வந்தவர் அதைச் சாவடியில் திருப்பிக் கொடுத்து ரத்து செய்துவிட்டு நேரில் வாக்களிக்கலாம். அவர் வந்தால் அவரை விட்டுப் பிரியாமல் தானும் வாக்களிக்கலாம், எர்லிந்தாவுக்கு அது தெரியும். ஆனால் முறிந்த இடுப்போடு அவரால் இருபது நிமிஷத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாது. அவள் வேண்டாம் என்றாள். கெஞ்சினாள். இரண்டு முறை கத்தவும் செய்தாள். அவர் உறையை விடவில்லை.

வாக்களிக்கப் போன அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறியிருந்தது. வரிசை, வாக்குச்சாவடி இருந்த நூலகத்தின் சுவரைச் சுற்றிப் பின்பக்கம்வரை போயிருந்தது. எர்லிந்தா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்தினாள். தேர்தல் பணியாளர் ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். நடமாட முடியாதவரை முதலில் விடுவோம், கேட்டால் துணைக்கு வந்தவரும் கூடவே வாக்களித்துவிடலாம் என்றார்.

எர்லிந்தா அசையவில்லை. சாப்பாட்டு வரிசையில் முந்திய பிள்ளைகளை இருபத்தேழு வருஷமாகப் பின்னால் அனுப்பியவள் அவள். கால் வலி தாங்கிக்கொண்டு நிற்கிற இத்தனை பேருக்கு முன்னால் எப்படிப் போவது? அவரை மட்டும் உள்ளே விடுங்கள், நான் என் முறைக்குக் காத்திருக்கிறேன் என்று பணியாளரிடம் சொல்ல வாயெடுத்தாள். எலிசியோ அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். வார்த்தைகள் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"முந்தறது... நான். நீ... என் கூட வந்தவ."

"கெழவா, இந்த வெட்டிப் பேச்சுக்கு மட்டும் வாய் நல்லா வருது ஒனக்கு," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. வரிசைக்கு முகம் காட்டாமல் நாற்காலியைத் தள்ளினாள்.

தபால் சீட்டை ரத்து செய்யும் தாளில் இடது கையால் கையெழுத்துப் போட அவருக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. வாக்களித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்து, சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் மெரிடித் கூப்பிட்டாள். எர்லிந்தா எப்படியோ வாக்களித்துவிட்டதால், தபால் சீட்டு அவளுக்குத் தேவையே இல்லை என்று அரசுத் தரப்பு இனிச் சொல்லும். வழக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் இழுக்கலாம். அதற்குள் அவளுக்கே அறுபத்தைந்து நெருங்கிவிடும். விலகிக்கொள்வதானால் இப்போதே விலகலாம் என்று மெரிடித் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

எர்லிந்தா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எலிசியோவின் இடுப்புக்கடியில் வெந்நீர்ப் பையை மெல்லச் செருகினாள்.

"வெலகலம்மா. நான் வோட்டுப் போட்டேன்னு சொல்லுங்க, மறைக்க வேண்டாம். அதுக்காக என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் எந்திரிக்க முடியாமக் கெடந்தாருன்னும் சேத்து எழுதுங்க."