பல்லுக்கு ஒரு பொடி, அண்டாவுக்கு ஒரு பொடி

உமியைக் கருக்கி உப்பு சேத்து இடிச்சா பல்பொடி. அதைத் தேய்க்க ஆளைப் புடிக்கதுதான் தொழிலே. சீசன் யாவாரம் பாத்து நொந்த ஆளுகளுக்கு இதைச் சொல்லணுமா?

கரி வாய்

சாரல் விழுந்ததும் குத்தாலத்துல ஒரு விடுதி வாசல்ல தட்டை விரிச்சிருவேன். செங்கோட்டை ரயில்ல வந்து எறங்குத பட்டணத்து ஆளுக, எம் பொடியத் தேய்ச்சுட்டுக் கண்ணாடியப் பாத்து மிரளுவாக. விடுதி மேனேஜர் அண்ணாச்சிக்குப் பொறுக்கலை.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வெள்ளைப் பொடி கொண்டா. இல்லைன்னா வாசல்ல டப்பாப் பொடிக்காரன் உக்காருவான்."

சலவைக்காரம்

உமியைக் கரியோட நிறுத்தாம முழுசா எரிய விட்டா சாம்பல் வெளுக்கும், தெரியும். எனக்குப் பளபளன்னு வேணும். துணியையே வெளுக்குத சலவைக்காரம் உமியை வெளுக்காதான்னு கரைச்சு ஊத்திக் காயவெச்சு, அச்சன்புதூர் செங்கச்சூளையில பானையோட வெச்சுட்டேன். சூளைக்காரரு மாடசாமி அண்ணாச்சி வேண்டாம்னாரு. நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?

எடுத்தா, கண்ணாடி வளையல உருக்கி ஊத்துன மாதிரி கட்டி. இடிச்சுச் சலிச்சேன், வெள்ளைவெளேர்னு இருந்துச்சு. நேரா விடுதிக்குக் கொண்டு போனேன். மேனேஜர் ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுத் துப்புனாரு. அம்புட்டும் செவப்பு.

"ஏலே, பல்லு வெளக்கத்தான பொடி கேட்டேன், உளி வெச்சுக் கொத்தவா சொன்னேன்?"

மூணு பானை

வெள்ளிக்கு ரெண்டே நாளு. கோளாறு காரத்துலயா சூட்டுலயான்னு பாக்க, மாடசாமி அண்ணாச்சி மூணு பானை வைக்கச் சொன்னாரு. வெறும் உமி சூளையில வெந்து பொசுபொசுன்னு வந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன், குடிச்சிருச்சு. காரம் போட்ட உமி அதே சூட்டுல மறுபடியும் கண்ணாடி. சொட்டு மேலயே நின்னு முழிக்குது. காரம் போட்டதையே வீட்டு அடுப்புல எரிச்ச மூணாவது, கட்டியாகலை, தண்ணியையும் குடிச்சுச்சு, ஆனா வாயில வெச்சா காரம் நாக்கைப் பொசுக்கிருச்சு.

மாடசாமி அண்ணாச்சி வெவரம் சொன்னாரு. உமிச் சாம்பல் பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாம், அதான் மெத்துன்னு இருக்காம். காரமும் பெருஞ்சூடும் சேந்தா அதை உருக்கி அடைச்சு, ஈறை அறுக்குத கண்ணாடியாக்கிருமாம்.

"தனித்தனியா ரெண்டும் ஓட்டையை விட்டுவைக்கும்லே. சேந்துச்சுன்னா உம் பொண்டாட்டியும் மச்சினனும் மாதிரி, ஒண்ணையும் விடாது."

வெள்ளிக்கெழமை

வெறும் உமியை வெளுக்க எரிச்சு, ஆறுன பெறகு உப்பு சேத்துக் கொண்டு போனேன். மேனேஜர் மொதல்ல என்னையத் தேய்க்கச் சொன்னாரு. தேய்ச்சு, முப்பத்திரண்டையும் காட்டுனேன். அப்பறந்தான் அவரு வெரலு டப்பாவுக்குள்ள போச்சு. வாயக் கொப்பளிச்சுட்டு ஈறைத் தடவிப் பாத்தாரு, ஒண்ணும் ஆகலை.

அதுக்குள்ள விடுதிச் சமையக்காரரு, அன்னைக்கு நான் விட்டுட்டுப் போன கண்ணாடிப் பொடியப் போட்டு அண்டாவைத் தேய்ச்சு வெச்சிருந்தாரு. அதுல மேனேஜர் மொகம் தெரிஞ்சுது.

"வாசல் உனக்குத்தான். அண்டாவுக்கு அந்தப் பொடியையும் கொண்டா. டப்பாவ மாத்தி மட்டும் வெச்சேன்னா, அதே பொடியப் போட்டு உன்னையத் தேய்ச்சிருவேன்."

தப்பா எரிச்சதையும் வித்துட்டேன், சரியா எரிச்சதையும் வித்துட்டேன், இதுக்கு மேல ஒரு யாவாரி பள்ளிக்கூடம் போயி என்னத்தப் படிக்கணும்?