கண்டக்டர் கேட்ட கேள்வி

கல்ட் கிளாசிக் என்றால் என்ன என்று என் மகளைக் கேட்டேன். பழைய படம் ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கித் திருப்பதி மாலில் திரும்பப் போடுகிறார்கள் என்று போனைக் காட்டியபோது அவள் உதிர்த்த வார்த்தை அது. "வந்தப்போ யாரும் சீந்தாம, அப்பால எல்லாரும் தல மேல தூக்கி வெச்சிக்கினா அதான்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சீந்தவில்லை என்று இவளுக்கு யார் சொன்னது? நாங்கள் இருந்தோமே.

நாங்கள் என்றால் மாம்பழக் கூழ் ஃபேக்டரிப் பெண்கள். சீசனில் புத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் போய், நாள் முழுக்கப் பெங்களூரா பழம் அறுப்போம். எந்த சோப்புக்கும் அந்த வாசனை அடங்காது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போனால் தியேட்டரில் பெண்கள் பக்கம் முழுக்க மாம்பழம் மணக்கும். முறுக்கு துன்னாலும் மாம்பழம் துன்ன மாதிரியே இருக்குதுடி என்பாள் தனம். என் மேசையில் எனக்கு எதிரே நின்று அறுத்தவள். வயதில் மூத்தவள்தான், ஆனாலும் எங்களுக்குள் வாடி போடிதான்.

அந்தப் படத்தின் கதை பெரிய கதையில்லை. அடிக்கிற புருஷன். ஒரு விடிகாலையில் பெண்டாட்டி தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், திரை வெள்ளையாகிவிட்டது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். பல ஊர் சுற்றித் தேய்ந்து வந்த பிரிண்ட். கடைசி ரீல் எந்த ஊரில் தங்கிவிட்டதோ. எங்களுக்கு வந்ததே இவ்வளவுதான் என்று தியேட்டர்காரர் கையை விரித்தார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிறும் அதே படத்துக்குத்தான் போனோம்.

பித்து பிடித்தது அப்போதுதான். அவள் எங்கே போயிருப்பாள் என்று பழம் அறுத்துக்கொண்டே சண்டை போட்டோம். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் வந்து அதே கேள்வியைத் தெலுங்கில் "எக்கடிக்கம்மா?" என்று கேட்டால் போதும், பஸ் முழுக்கச் சிரிப்பு. பம்பாய் என்பாள் ஒருத்தி, அம்மா வீடு என்பாள் இன்னொருத்தி. நான், "மலைக்கு, மொட்டை போட" என்பேன். என் மூளை அதற்கு மேல் ஓடியதில்லை. தனம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

சீசன் முடியும் முன்பே ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்று வயதுப் பையனைத் தூங்க விட்டுவிட்டுப் பலமனேர் போய்விட்டாள் என்றார்கள். படம் பார்த்தா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள் என்று கேட்காதீர்கள். அவள் கழுத்தில் இருந்த விரல் தடங்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். படம், போகலாம் என்று மட்டும் காட்டியது. அங்கே தக்காளி மண்டியில் வேலை செய்து நிமிர்ந்துவிட்டாள். பையன் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான். அவன் கல்யாணத்துக்கு யாரும் அழைக்காமலே போய், வந்தவர்களோடு வந்தவளாகத் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

நம்ம படம் வந்திருக்கிறது என்று நான்தான் போன் போட்டு வரவழைத்தேன். மாலில் ஏசி குளிரில் பல் கிட்டியது. மாம்பழ வாசனை இருந்த இடத்தில் வெண்ணெய்ச் சோளப்பொரி வாசனை. பிள்ளைகள் வசனங்களைத் திரையில் வருவதற்கு முன்பே சொல்லிக் கூச்சல் போட்டார்கள். பஸ் வந்தது, கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போகணும்?" தனம் எழுந்திருக்கப் பையை எடுத்துக்கொண்டாள். எங்களுக்குப் படம் அங்கேதானே முடியும்?

முடியவில்லை. "நிறுத்துங்க, இறங்கணும்" என்றாள் திரையில் அவள். அரங்கமே சேர்ந்து கத்தியது, "இறங்கணும்!" இதுதான் அவர்களுக்குப் பிரபலமான வசனமாம். பஸ் நின்றது. அவள் ஓடினாள். வாசலில் குழந்தை அழுதுகொண்டு நின்றது, புருஷன் கைகூப்பினான், சுபம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்தேன். எந்த ஊரில் புருஷன் இப்படி ஒரே காலையில் திருந்துகிறான்? "நீ திரும்பிப் போயிருந்தா உன்ன உசுரோட வுட்டிருக்க மாட்டான்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள். முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். "புள்ளைய தூக்கிக்கினு வர்றதுக்காவது எறங்கிருக்கலாம்டி. சொல்லிருந்தா பஸ்ஸ நிறுத்திருப்பாங்க."

அவளைப் படத்துக்குக் கூப்பிட்டிருக்கவே கூடாது. அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அந்தத் தேய்ந்த பிரிண்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். போனில் தேடினாலும் முழுப் படம்தான் வருகிறது. அவள் பஸ்ஸிலேயே போய்விடுகிற எங்கள் படம் எங்கேயும் இல்லை. தனத்துக்கு அது ஒன்று மிச்சமிருந்தது, அதையும் நான் டிக்கெட் எடுத்துக் காட்டித் தொலைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். கண்டக்டர் வந்து, "எக்கடிக்கம்மா?" என்று கேட்டார். தனம் பெண்களுக்கான இலவச டிக்கெட்டுக்கு ஆதார் அட்டையை நீட்டி, "பலமனேர்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.