காலியாக விட்ட கட்டம்

எழுபதுகளின் கடைசியில், ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு காலனியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். நேற்று யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏழு நாள் தொடர்ந்து கேட்டு எழுத வேண்டும். ஏழைக் குடும்பத்துக்குள்ளேயே யாருக்குக் குறைகிறது என்பதுதான் என் ஆய்வு. நான் ராசிபுரம் பக்கத்தில் காடு தோட்டம் உள்ள வீட்டுப் பெண். எங்கள் காட்டில் வேலை செய்தவர்களின் வீட்டுக்குள் அதுவரை நான் நுழைந்ததில்லை.

கடைசி வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். புருஷன், மாமியார், பிள்ளைகள் சாப்பிட்டதையெல்லாம் அலுக்காமல் சொல்வாள். தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் “நானுந்தானுங்க” என்பதோடு சரி.

நான்காம் நாள் உச்சி வெயிலில் அவள் வாசலில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. விழித்தபோது உள்ளே பாயில் கிடந்தேன். அவள் சொம்பில் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு, நீட்டலாமா வேண்டாமா என்று நின்றாள்.

“நம்மூட்டுக் கூழு குடிப்பீங்களா சாமி?”

கையை நீட்டி வாங்கினேன். புளித்த கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினாள். நான் கிளம்பும்போது கூழ்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதில் எதுவும் மிஞ்சவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் கேட்டபோது, நேற்று மத்தியானம் தானும் கூழ் குடித்ததாகச் சொன்னாள். அதை நான்தானே குடித்தேன் என்றேன். சிரித்தாள். நான் பென்சிலை எடுக்கவும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதாதீங்க சாமி. எழுதிப்புட்டா நான் குடுத்தது குடுத்ததா இருக்காதுங்க. பட்டினி கெடந்ததா ஆயிருமுங்க.”

கூழ் என்றும் எழுத முடியவில்லை, பட்டினி என்றும் எழுத முடியவில்லை. தாளில் அவளுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். மீதி நாட்களில் என் சாப்பாட்டுத் தூக்குப்போசியை அவள் வீட்டில்தான் திறந்தேன். பேசிக்கொண்டே இருவரும் சாப்பிட்டோம். என்னோடு சேர்ந்து உட்கார்ந்ததால், பசித்த நேரத்தில் அவள் சாப்பிட்டாள். அவள் சாப்பாட்டை நானே மாற்றிவிட்டதால், அந்த வீட்டுத் தாள்கள் ஆய்வுக்கு உதவாமல் போயின. பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். என் ஆய்வேட்டில் அவள் இல்லை.

எண்பதுகளில் வெளிநாட்டுக் கிராமங்களிலும் இதே வேலைதான் செய்தேன். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரிடம் தனியாகக் கேட்கும்படி கேள்விகளை மாற்றினேன். அதில் எனக்குப் பெயரும் கிடைத்தது.

ஒரு விடுமுறையில் காலனிக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. எடப்பாடிப் பக்கம் தறி வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்.

“போறதுக்கு முன்னால உங்க அட்ரஸத்தான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சாளுங்க.”

ஏழு நாளும் அவளைக் கேள்வி கேட்ட நான், என் முகவரியைக் கொடுத்திருக்கவில்லை. எடப்பாடிக்குப் பஸ் ஏறி, இரண்டு நாள் தறிப்பட்டறைகளில் விசாரித்தேன். அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை.