அரிசிச் சிப்பத்தின் எடைக்குக் கட்டிய நாற்காலி

போன வருடம் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த பங்குச்சாமியாரை அப்பாவின் பழைய குஷன் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஸ்பிரிங் ஒன்று குத்தி, "இயேசுவே!" என்று எழுந்துவிட்டார். என் மனைவிக்கு மானமே போயிற்று.

இந்த வருட மந்திரிப்பு நெருங்கியதும், "இந்தத் தடவ சாமி வர்றதுக்குள்ள இத எடைக்குப் போட்டுர்றேன்" என்றாள்.

ரிட்டயரான வாத்தியாருக்கு வீட்டில் வேறென்ன சொந்தம்? கட்டிலில் பாதிகூட இல்லை, டிவி ரிமோட்டைத் தொட்டதே இல்லை. அந்த நாற்காலி போனால் நான் நிற்க வேண்டியதுதான். "நானே சரி பண்றேன். சாமி உக்காந்து நல்லாருக்குன்னு சொன்னா இது இருக்கணும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

தோல் வியாபாரம் செய்யும் பாய் நண்பர் நல்ல ஆட்டுத்தோல் கொடுத்தார். ஆத்தூரிலிருந்து தேங்காய் நார் வாங்கி வந்து வெயிலில் காயவைத்தேன். ஸ்பிரிங்கைச் சணலால் இழுத்துக் கட்டுவதுதான் சிக்கல். உட்காரப்போகிறவர் அளவுக்குப் பாரம் வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து இறுக்க வேண்டும். நானோ ஒல்லிக்குச்சி.

"செத்த நேரம் இதுல உக்காரேன்" என்றேன் மனைவியிடம்.

"எதுக்கு?"

"பாரம் வேணும்."

என் வாயில் சனி! "ஓகோ, நான் அம்புட்டு கனமாத் தெரியுறனோ?" என்று போனவள், அன்றைக்கு வெஞ்சனமே வைக்கவில்லை. வெறும் ரசஞ்சோறு. வேறு வழியில்லாமல் முப்பது கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை ஏற்றிவைத்துக் கட்டினேன். சிப்பம் கோபித்துக்கொள்ளாது.

சாமியார் வந்தார். மூன்று சிப்பம் தேறும் உடம்பு. தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி உட்கார்ந்தார். நாற்காலி அவரை மெல்ல மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. எனக்கு உயிரே போயிற்று.

"அடடா! எந்த வீட்லயும் இம்புட்டு சொகமா உக்காந்ததில்ல, வாத்தியாரே!"

எழும்போது நான் ஒரு கையும் அவருக்குத் துணையாக வந்த கோயில் உபதேசியார் ஒரு கையும் பிடித்து இழுத்தோம்.

அவர்கள் போனதும், "நல்லாருக்குன்னு சொன்னார்ல?" என்றேன்.

"ஆளத் தூக்கிவிட ரெண்டாளு வேண்டிய சேரு எதுக்கு? நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வாரான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது வண்டி ஏறுவதைப் பார்க்க மனமில்லாமல் மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதற்குள் புதைந்தபடி என் மனைவி, கால் தரையில் பாவாமல்.

"போடலையா?"

"கடைசியா ஒருக்கா உக்காந்து பாப்போம்னு உக்காந்தேன். பல்லக் காட்டாம கையக் குடுங்க."

பழைய இரும்புக்காரனின் ஸ்பீக்கர் சத்தம் எங்கள் வாசல் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் பையைக் கீழே வைத்து, தக்காளிகளை நிதானமாகக் கூடையில் அடுக்கினேன்.

"அவன் தெருவத் தாண்டட்டும், தூக்குறேன்."

முறைத்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"தாண்டட்டும், தாண்டட்டும். நீங்க அப்படியே ஒரு காப்பி போட்டுக் கொண்டாங்க. இனிமே என் எடம் இதுதான்."