கப்பலுக்குப் போர்த்திய சாக்குகள்

நனைந்த சணல் சாக்கின் புளித்த மணம் எங்கே வந்தாலும், எசன் நகரத் தமிழ்க்கடையின் பின்கதவடியில் வந்தாலும், என் கண்முன்னே மச்சாள் ஈர உடுப்போடு படகில் ஏறி மூச்சு வாங்குகிறாள்.

மாமியின் மகள். ஜெர்மனியில் வளர்ந்து, தண்ணீருக்கடியில் தொல்லியல் செய்யப் படித்தவள். பொடன்சே ஏரியில் சுழியோடி, மூழ்கிய மரக்கலங்களை அளந்து வரைவது அவளுடைய அரசாங்க வேலை. ஏரியில் என்ன கப்பல் என்று சிரித்தவன்தான் நானும். மறுகரை தெரியாத நாளில், காற்று கிளம்பி அலை படகை அறையும்போது, அந்தச் சிரிப்பு வாயிலேயே உறைந்துவிடும்.

அவள் கண்டது உப்பு ஏற்றிப்போன பழைய பாய்மரக் கப்பல். சேறு அதைத் தலைமுறை தலைமுறையாக மூடிப் பாதுகாத்திருந்தது. ஓர் இலையுதிர்காலப் புயல் சேற்றை அரித்துவிட, விலா மரங்கள் வெளியே தெரிந்தன. இனிச் சிப்பி ஏறும், நீரோட்டம் கரம்பித் தின்னும். ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காது. மணல் மூட்டை அடுக்கி மூடவேண்டும். அனுமதி வசந்தத்தில்தான் வரும், பொறு என்றார் மேலதிகாரி.

“அனுமதி கேட்ட அன்ட்ராக் மேசையில கிடக்கும். கப்பல் கிடவாது,” என்றாள் மச்சாள்.

சொந்தக்காரர் இருக்கும் எசனுக்கும் பீலெஃபெல்டுக்கும் தொலைபேசி பறந்தது. கல்யாண மண்டபங்களில் வெறுமையான அரிசிச் சாக்குகள் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரைக்கு வந்து இறங்கின. சொந்தபந்தம் எல்லாம் மணல் அள்ளியது.

“கலியாணம் கட்டடி எண்டால், செத்த கப்பலுக்குப் போர்வை போர்க்கிறாள்!” என்றார் மாமி.

“அது குறட்டை விடாதம்மா,” என்றபடி அவள் தண்ணீருக்குள் குதித்தாள்.

நான் கயிற்றில் மூட்டைகளை இறக்க, அவளும் அவளோடு சுழியோடும் கூட்டாளியும் கீழே அடுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் கப்பல் மூடுண்டது. பிசகு கரையில் நடந்தது. மணல் போடுமுன் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சாக்கையும் நாங்கள் உதறியிருந்தோம். சிந்திய அரிசிக்கு ஏரியின் அன்னங்கள் எல்லாம் திரண்டு வந்தன. அன்னங்களைப் படமெடுக்க ஊரே வந்தது. படங்களில் அன்னங்களுக்குப் பின்னால் எங்கள் மூட்டைகள். அவை மேலதிகாரியின் கண்ணுக்கும் போயின.

மன்னிப்புக் கேட்டுச் சாக்குகளை எடுத்துவிடு, வேலை இருக்கும் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். வேலை போயிற்று.

வசந்தத்தில் அனுமதி வந்தது. முறையான காப்புத் துணியை எங்கள் சாக்குகளின் மேலேயே விரித்தார்கள். கப்பல் இன்றைக்கும் முழுசாகக் கிடக்கிறது. கரையில் அதன் கதை சொல்லும் பலகையில் அவளைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? அந்தப் பலகைக்குச் சொல்ல ஒரு கப்பலைக் கொடுத்தவளே அவள்தான்.

வேறொரு நாட்டின் ஏரிக்கு வேலை தேடி அவள் புறப்பட்ட அன்று, ரயில் நிலையத்தில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றேன். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கதவில் நின்று திரும்பினாள்.

“மன்னிப்புக் கேக்கிறது லேசு, மச்சான். கேட்டால் சாக்கைத் தூக்க வேணும். அது எனக்கு ஏலாது.”