மஞ்சள் முக்கோணம் போட்ட பிஸ்கட்

தாட்சாயினியின் கணவர் வசீகரன் வயிற்றுப் புற்றுநோயில் போய் ஒரு வின்ரர், பனிக்காலம் முழுதும் கழிந்துவிட்டது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துக் கம்பனியில் குளிசைப் பெட்டி அடுக்கும் வேலை. கை தன்பாட்டில் ஓடும், மனம் ஓடத் தேவையில்லை. தொடக்கத்தில், எங்கேயாவது ஆட்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்தாள். பிறகு அழுகை வராததற்குப் பயந்தாள். இப்போது அந்தப் பயமும் இல்லை.

மகள் நிரோஜா லாசால் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளின் கரப்பந்து அணியில் விளையாடினாள். கியூபெக் சிற்றியில் சுற்றுப்போட்டி வந்தது. பஸ் பிடிக்கக் காசு சேர்க்கவேண்டும், பிஸ்கட் விற்போம் என்று பெற்றோர் கூடி முடிவெடுத்தார்கள். அணியைப் பார்த்துக்கொள்ளும் விமலநாதன் மலிவாகக் கிடைத்ததென்று வான் நிறைய இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார். கலிபோர்னியாவுக்கென்று கட்டி, போகாமல் நின்றுவிட்ட சாமான். பெட்டிகளின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து: இதில் அக்ரிலமைட் என்ற இரசாயனம் உண்டு, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ," என்றார் விமலநாதன். "அணியின்ர ஸ்டிக்கரை அதுக்கு மேல ஒட்டினால் சரி."

எல்லோரும் நிலத்தில் குந்தியிருந்து ஒட்டத் தொடங்கினார்கள். தாட்சாயினியும் ஒட்டினாள். சில பெட்டிகள் போனபின் அவள் கை நின்றது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்தபடி இருந்தாள். வசீகரனின் செத்தவீட்டில் தெரிந்த மனுசி ஞானாம்பிகையக்கா பக்கத்தில் வந்து இருந்து கேட்டது நினைவு வந்தது. "மனுசனுக்கு என்னத்தைப் பிள்ளை சமைச்சுக் குடுத்தனீர்? உறைப்போ, பொரியலோ?" அன்றிலிருந்து அடுப்படியில் எதைத் தொட்டாலும் அந்தக் கேள்வி கூடவே நிற்கும்.

"என்ன தாட்சாயினி, களைச்சுப்போனீரோ?" என்றார் விமலநாதன்.

"இல்லை அண்ணை. நான் இதை ஒட்டமாட்டன்."

"ஐயோ, அது கலிபோர்னியாக்காரன்ர சட்டம். அங்க கோப்பிக்கடையிலயும் இதைத்தான் எழுதி வச்சிருக்கிறான். மாவைச் சிவக்கச் சுட்டால் வாறதாம். நீர் காலமை வாட்டுற பாண் துண்டிலயும் இருக்கு."

"அப்ப பயமில்லைத்தானே. தெரியட்டுமன்."

வசீகரனின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் விமலநாதனும் ஒருவர். அங்கிருந்தவர்களிடம், "ஒட்டினதை உரியுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பலசரக்குக் கடை வாசலில் மேசை போட்டார்கள். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தாட்சாயினி பெட்டியைத் திருப்பி முக்கோணத்தைக் காட்டினாள். "அம்மா, உப்பிடிக் காட்டினால் ஆர் வாங்குவினம்?" என்று நிரோஜா பல்லைக் கடித்தாள். ஒரு பிரெஞ்சுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த சிகரெட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்துவிட்டு மூன்று பெட்டி வாங்கினார். கைக்குழந்தையோடு வந்த தமிழ்ப் பெண் எடுத்ததைத் திரும்ப வைத்தாள். தாட்சாயினிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்குக் கிட்ட ஞானாம்பிகையக்கா வந்தாள். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி எழுத்தை வாசித்தாள்.

"என்ன பிள்ளை இது? அதுவும் நீர் இதை வச்சு விக்கிறீர்?"

"ஓம் அக்கா." தாட்சாயினியின் குரல் கடையில் விலை சொல்வது போலத்தான் வந்தது. "நீங்கள் அண்டைக்குக் கேட்டியள், அவருக்கு என்ன சமைச்சுக் குடுத்தனான் எண்டு. பாண் வாட்டிக் குடுத்தனான். உருளைக்கிழங்கு பொரிச்சுக் குடுத்தனான். இதில இருக்கிறது அதிலயும் இருக்காம். அதுதானோ எண்டு எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது."

ஞானாம்பிகை திகைத்துப்போனாள்.

"நான் எப்ப கேட்டனான்?"

"செத்தவீட்டில."

"அட பிள்ளை... எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ கதைக்கவேணுமே எண்டு சும்மா கேட்டிருப்பன்."

தாட்சாயினி அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஒரு வின்ரர் முழுக்கத் தன்னோடு அடுப்படியில் நின்ற கேள்வி, கேட்டவளுக்கு நினைவிலேயே இல்லை. கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்கு விளங்கியது. வரவில்லை.

"பரவாயில்லை அக்கா. ஒரு பெட்டி தரட்டே?"

ஞானாம்பிகை வாங்காமல் போனாள். நிரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அடுத்து வந்த ஆளுக்கு அவளே பெட்டியைத் திருப்பி முக்கோணத்தைக் காட்டினாள்.

பாதிப் பெட்டிகள் மிஞ்சின. குறைந்த காசை விமலநாதன் போட்டுச் சமாளித்தார். தாட்சாயினியும் கூடப் போனாள். அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. திரும்பும் வழியில் பிள்ளைகள் மிஞ்சிய பிஸ்கட்டைத் தின்றபடி பிரெஞ்சில் சத்தம் போட்டுப் பாட, தாட்சாயினி பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையானாள். ஊருக்குள் வரும் பாலத்தில் ஏறும்போது நிரோஜா தோளில் தட்டினாள்.

"அம்மா, வந்திட்டம்."

"ஓம்," என்றாள். எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.